பின்னறை ஒறம்பரை

"ஒரே ஒரு விஷயந்தானுங்க. அதையும் சொல்லிட்டா எனக்கு மனசு லேசாயிரும்," என்றான் கீர்த்திவாசன்.

அவன் பெண் பார்க்க வந்த நாள் அது. அன்னூரில் ஸ்ரீமதியின் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, பேசிக்கொண்டிருங்கள் என்று விட்டிருந்தார்கள். அதுவரை அவளுடைய வேலையைப் பற்றித்தான் பேச்சு. கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை என்றதும், புழு பூச்சியையெல்லாம் அறுத்துப் பார்ப்பீர்களா என்று கேட்டிருந்தான்.

"இப்பெல்லாம் அறுக்கறதில்லீங்க. படத்துலதான் காட்டறோம்."

"மலை மேல எங்க அரவேணுக்கு வந்துட்டா படமும் வேண்டியதில்ல. ஐப்பசி மழை புடிச்சுதுன்னா உங்க பாடம் மொத்தமும் ஊட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்கும்."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. சொல்ல வந்ததை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சட்டைக் கைமடிப்பை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

"அந்த ஊடு எங்கப்பா கட்டினதுங்க. அவரு கண்ணை மூடினதும் அங்கதான். அம்மா அதைய விட்டுட்டு எங்கயும் வர மாட்டாங்க. நாளைக்கு நீங்க, இந்தக் குளிரு எனக்கு ஆகல, கீழ போயிரலாம்னு கேட்டீங்கன்னா உங்களுக்கு முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அம்மாகிட்டப் போயிச் சொல்லவும் வராது."

"அதனால கேக்கவே கூடாதுங்கறீங்க."

"கேக்காம இருந்துட்டீங்கன்னா போதுமுங்க."

கட்டளை போடத் தெரியாமல் கெஞ்சுகிற மாப்பிள்ளையை அவள் அன்றுதான் பார்த்தாள். அவனைப் பிடித்துப்போனதும் அந்த நொடியில்தான். "கேக்க மாட்டனுங்க," என்றாள்.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலங்களில் எல்லாம் அந்த வார்த்தையைக் காப்பாற்றுவது அவளுக்குச் சிரமமாக இல்லை. இந்த ஐப்பசியில்தான் அது தொண்டையில் முள்ளாக நின்றது.

வீடு அரவேணு கடைவீதியிலிருந்து சற்று இறங்கி, தேயிலைச் சரிவு ஒன்றின் மடியில் இருந்தது. மாமனார் சுப்பண்ணன் கட்டியது. கீழே கூடமும் சமையலறையும், மேலே படுக்கையறைகள். அத்தை ஜானகியம்மாளுக்கு முழங்கால் தேய்ந்து படியேற முடியாமல் போனபோது, கீர்த்திவாசன் அம்மாவுக்கென்று வீட்டின் பின்புறம் தரைமட்டத்திலேயே ஓர் அறை கட்டினான். இடம் போதவில்லை. சரிவின் மண்ணைச் செதுக்கிக் கல்சுவர் எழுப்பி, அந்தச் சுவரையே அறையின் பின்சுவராக வைத்துக்கொண்டான். சரிவுக்கும் வீட்டுக்கும் நடுவே பழைய கான் ஒன்று இருந்தது. மேல்தோட்டத்து மழைநீரை வாங்கி, வீட்டைத் தொடாமல் பக்கத்து ஓடையில் கொண்டுபோய் விடுவதற்காக எஸ்டேட்காரர்கள் எந்தக் காலத்திலோ வெட்டிய வாய்க்கால். அறை கட்டியது மாசி மாதம் என்பதால் அதில் சருகுதான் கிடந்தது. கொத்தனார் வேலுசாமி, இதை விட்டுவிடலாமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். சொட்டுத் தண்ணீர் ஓடாத பள்ளத்துக்காக அம்மாவின் அறையைச் சுருக்குவதா என்று கீர்த்திவாசன் அதை மண் போட்டு மூடிவிட்டான். வேலுசாமியும் தலையை ஆட்டிவிட்டுச் சாந்து குழைக்கப் போய்விட்டார்.

கல்சுவரின் அடியில், தண்ணீர் வடிவதற்கென்று அவர் வைத்த சில குழாய்த் துண்டுகள் மட்டும் இருந்தன. முதல் மழையில் அவற்றின் வழியாக அட்டை வந்தது. ஜானகியம்மாளின் கணுக்காலில் ஒன்று ஏறி, வயிறு நிறையக் குடித்துவிட்டு உருண்டு விழுந்தது. ரத்தம் நிற்கவில்லை. கடித்த இடத்தில் ரத்தம் உறையாமல் இருக்க அட்டை தன் எச்சிலில் ஒரு பொருளை வைத்திருக்கிறது என்று ஸ்ரீமதி அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு விளக்கினாள். கீர்த்திவாசன் நேராகத் தன் ஹார்டுவேர் கடைக்குப் போய் சிமெண்ட் பாக்கெட்டுகளோடு திரும்பி வந்தான். அவன் கடையில் எல்லாவற்றுக்கும் ஒரு மருந்து உண்டு. விரிசலுக்கு ஒன்று, ஓதத்துக்கு ஒன்று, கரையானுக்கு ஒன்று. குழாய்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே அடைத்தான். "இனிமே ஒரு எறும்பு வராதும்மா," என்றான். அம்மா அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

எறும்பு வரவில்லை. மற்றவை வந்தன.

"ஏ அம்மிணி, உன்ற ஒறம்பரை வந்திருக்குது பாரு," என்று ஜானகியம்மாள் மருமகளைக் கூப்பிடுவார். ஒறம்பரை என்றால் அவர்கள் பக்கத்தில் வீடு தேடி வருகிற சொந்தக்காரர்கள். மழைக்காலத்தில் ஒரு மரவட்டை சுவரில் ஊர்ந்தால் போதும், பின்னறையிலிருந்து அந்தக் குரல் வரும். ஸ்ரீமதியும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவாள். மரவட்டைக்கு ஒவ்வொரு வளையத்துக்கும் இரண்டு ஜோடிக் கால்கள், பூரானுக்கு ஒரே ஜோடி என்று காட்டுவாள். "எத்தன காலு இருந்து என்ன, ஒரு செருப்புக்கு வழியில்ல பாரு," என்பார் அத்தை. இருவரும் சேர்ந்து அதை ஒரு காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய்த் தேயிலைச் செடியடியில் விட்டுவிட்டு வருவார்கள்.

இந்த ஆண்டு மழை ஐப்பசி பிறந்ததிலிருந்தே விடவில்லை. மூடுபனி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. துவைத்த துணிகள் அடுப்பங்கரைக் கொடியில் தொங்கி, உடுத்தினால் புகை வாசம் அடித்தது. பூரானும் தேளும் மரவட்டையும் பின்சுவரின் அடியிலிருந்து கூட்டமாக வெளியேறத் தொடங்கியபோது ஸ்ரீமதிக்கு முதலில் வியப்பாக இருக்கவில்லை. மேலே கெட்டியான ஓடு போர்த்திய உடம்புகள் அவை. ஈரம் பிடிக்கும், ஆனால் வளைக்குள் தண்ணீர் நின்றுவிட்டால் உடம்பின் ஓரத்திலிருக்கும் மூச்சுத்துளைகள் அடைத்துக்கொள்ளும். எல்லா வீடுகளிலும் மழையில் நடப்பதுதான்.

பிறகு அவை வருவது நின்றது. மண்புழுக்கள் வந்தன.

காலையில் அத்தைக்குக் காபி கொண்டுபோனவள், தரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த மயிரிழை இடுக்கிலிருந்து ஒரு புழு வெளியே வருவதைப் பார்த்தாள். வாசல் பக்கமிருந்து வந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பாள். இது சுவரிலிருந்து வந்தது. முன்பாதி தரையில் நெளிந்துகொண்டிருக்க, பின்பாதி இன்னும் மண்ணுக்குள் இருந்தது. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. தோல்தான் அதன் மூச்சு. மண்துகள்களுக்கு நடுவே காற்று இருக்கும் வரை அது மேலே வராது. சுவருக்குப் பின்னால் இருக்கும் மண்ணில் இனி காற்றுக்கு இடமில்லை என்று அவள் நினைத்தாள். நினைத்ததை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு அத்தை அவளை ஒறம்பரைக்குக் கூப்பிடவில்லை என்பது கல்லூரிக்குப் போகும் மினி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. யோசித்துப் பார்த்தால், சில நாட்களாகவே கூப்பிடவில்லை.

புழு சுவரிலிருந்து வந்ததை மட்டும் கீர்த்திவாசனிடம் சொன்னாள். அவன் கேட்டான், அவள் சொல்லும் எதையும் அவன் கேட்காமல் இருந்ததில்லை. மாலையில் கடை மூடி வரும்போது அவளுக்குச் சூடான வர்க்கி பிஸ்கட்டும், சுவருக்கு வெள்ளை சிமெண்ட்டும் கொண்டு வந்தான். இடுக்கை மெனக்கெட்டு அடைத்தான். அவன் மண்டியிட்டு வேலை செய்வதைப் பார்த்தபடி ஜானகியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து, "என்ற பையன் கைபட்டா காத்துக்கூட உள்ள வராது," என்றார். அப்போது ஸ்ரீமதி ஒன்றைக் கவனித்தாள். சுவரை ஒட்டிக் கிடந்த கட்டில் இப்போது அறையின் நடுவில் இருந்தது. காலைத் தொங்கப்போட வசதி என்றார் அத்தை.

அறைக் கதவு பிடித்துக்கொள்ள ஆரம்பித்ததும் அந்த வாரத்தில்தான். மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று கீர்த்திவாசன் இழைப்புளி கொண்டு ஒரு சீவு சீவினான். மறுநாள் வேறொரு மூலையில் பிடித்தது. அங்கேயும் சீவினான்.

ஒரு காலை, பூப்பறிக்கப் போன அத்தை திரும்பி வரத் தாமதமானது. அறையைக் கூட்டலாம் என்று கட்டிலுக்கடியில் துடைப்பத்தை விட்டாள் ஸ்ரீமதி. ஒரு பிளாஸ்டிக் குவளை தட்டுப்பட்டது. மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. எடுத்துத் திறந்தாள்.

உள்ளே ஈரத் தேயிலைச் சக்கையின் மேல் மண்புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஓடில்லாத நத்தைகள் இரண்டு குவளையின் ஓரத்தில் பளபளத்த கோடு போட்டிருந்தன. இவற்றுக்கு நடுவில், நாடா போலத் தட்டையாக, தலை மட்டும் மண்வெட்டியைப் போல விரிந்த ஒன்று, ஒரு மண்புழுவைச் சுற்றிக்கொண்டு அசையாமல் இருந்தது. ஸ்ரீமதி அதைப் படத்தில்தான் பார்த்திருந்தாள். நிலத்தில் வாழும் தட்டைப்புழு. ரத்தமில்லை, மூச்சு உறுப்பில்லை. உண்பதும் கழிப்பதும் வயிற்றுப் பக்கத்தில் இருக்கும் ஒரே வாய் வழியாக. தண்ணீரை உடம்பில் பிடித்துவைக்க எந்த வழியும் இல்லாததால், ஈரம் சொட்டாத இடத்தில் கொஞ்ச நேரத்தில் காய்ந்து செத்துவிடும் பிராணி.

நிமிர்ந்தபோது அத்தை வாசலில் நின்றார். கூடையில் பூ இல்லை, அடியில் ஈர மண்தான் ஒட்டியிருந்தது. பிடித்த புழுக்களைத் தோட்டத்துக்குள் கொட்டிவிட்டு வருவதற்குத்தான் தினமும் போகிறார் என்று புரிந்தது.

"கீர்த்திகிட்டச் சொல்லாத அம்மிணி," என்றார் அத்தை தணிந்த குரலில். "எனக்குன்னு ஆசையாக் கட்டினவன். இன்னொருக்காச் சொன்னம்னா மறுபடியும் கடையத் தூக்கிட்டு வந்து பூசுவான். முகம் வாடிப்போகுது அவனுக்கு."

"பயமா இல்லீங்களா அத்த?"

"உன்ற ஒறம்பரைக்கு நா எதுக்குப் பயப்படோணும்." சிரிக்கப் பார்த்தார். குவளையை வாங்கித் தட்டைப் போட்டு மூடினார்.

அத்தை இந்த வீட்டை விட்டு வரமாட்டார் என்று அவன் மொட்டை மாடியில் சொன்னது சரிதான் போலும் என்று ஸ்ரீமதிக்குத் தோன்றியது. புழுக்களைக் குவளையில் பிடித்து ஒளித்தாவது இங்கேயே இருக்க நினைக்கிறவரை எங்கே கூட்டிக்கொண்டு போவது? தான் கேட்டால் வார்த்தை தவறியவள் ஆவதோடு போகாது. அவனை அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நிறுத்தியதாகிவிடும். அதைத்தான் அவன் வேண்டாம் என்றான். கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

கல்லூரியில் அன்றைக்கு முதுகெலும்பில்லாதவை பாடம். ஆய்வகத்து அலமாரிக் கண்ணாடிக்குள் பார்மலின் ஜாடிகள் வரிசையாக நின்றன. துளையுடலிகள், குழியுடலிகள், தட்டைப்புழுக்கள், உருளைப்புழுக்கள், வளைதசைப் புழுக்கள், கணுக்காலிகள், மெல்லுடலிகள், முட்தோலிகள். எளிய உடம்பிலிருந்து சிக்கலான உடம்புக்கு ஏறிப்போகும் வரிசை. வருடாவருடம் சொல்லிச் சொல்லி அது அவளுக்குச் சுலோகம் மாதிரி ஆகியிருந்தது. மாணவிகள் தட்டைப்புழுவின் ஒரே வாயைப் பற்றிக் கேட்டதும் வழக்கம்போலச் சிரித்தார்கள். எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸும் அப்படித்தான் மிஸ் என்று ஒருத்தி சொல்ல, வகுப்பு அடங்கச் சற்று நேரமானது.

ஜெஸிந்தா என்ற பெண் மட்டும் எழுந்து நின்று, தோலால் மூச்சுவிடும் புழு தண்ணீரில் கிடந்தாலும் மூச்சுவிடலாமே, பிறகு ஏன் மழையில் வெளியே ஓடி வருகிறது என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஓடும் தண்ணீரில் காற்று கரைந்திருக்கும், தேங்கிய தண்ணீரில் அது தீர்ந்துபோகும், அதனால்தான் என்று ஸ்ரீமதி பதில் சொன்னாள். சொல்லிக்கொண்டே போனவள் பாதியில் நின்றாள். அவள் மனதில் வேறொரு வரிசை ஓடியது. புத்தகத்தின் வரிசை அல்ல, பின்னறையின் வரிசை. முதலில் தண்ணீருக்குப் பயந்த ஓட்டுடம்புகள் வந்தன. அடுத்து, மூச்சு தீர்ந்துபோன மண்புழுக்கள். அடுத்து, நீர் சொட்டச் சொட்ட நனைந்த இடம் தவிர வேறெங்கும் உயிர்வாழ முடியாத தட்டைப்புழு. சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தது. வருகிற ஒவ்வொன்றும் தன் உடம்பால் அதைச் சொல்லிவிட்டுப் போனது. அடைத்த கானுக்கும் அடைத்த குழாய்களுக்கும் பின்னால், வெளியே போக வழியில்லாத தண்ணீர்.

அடுத்து வருவது எதுவாக இருக்கும் என்று அவள் யோசிக்க விரும்பவில்லை. தலைவலி என்று அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மூடுபனியில் பஸ் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. அரவேணுவில் இறங்கி, கடைக்குப் போய்க் கீர்த்திவாசனைக் கூட்டிக்கொண்டாள். இந்த நேரத்தில் அவளைப் பார்த்ததும், என்ன ஏது என்று கேட்காமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி நடந்தான். அவனுடைய வெளித்தோள் முழுக்க நனைந்தது. மறுகையில் ஓதத்துக்குப் பூசும் வாளி ஒன்று. புதிதாக வந்த சரக்கு, கம்பெனிக்காரன் பத்து வருஷம் உத்தரவாதம் தருகிறான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பின்னறைக் கதவு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. அம்மா, அம்மா என்று கூப்பிட்டான். நா நல்லாத்தான் இருக்கேன், கதவுதான் வரமாட்டேங்குது என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவன் தோளால் இடித்தான். இரண்டாவது இடியில் கதவு நகர்ந்தது. நிலைச்சட்டத்தின் மேல்மூலை சாய்ந்திருப்பது ஸ்ரீமதியின் கண்ணில் பட்டது. சீவிச் சீவி மெலிந்த கதவில் மரம் ஊதிய அடையாளமே இல்லை.

ஜானகியம்மாள் கட்டிலின் மேல் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தார். மருந்துப் பையை மடியில் வைத்திருந்தார். தரையில், அவர் போட்டுவைத்திருந்த குவளைக்குப் பக்கத்தில், ஒரு நண்டு நின்றது.

உள்ளங்கை அகலம். ஈரப் பாறையின் பழுப்பு நிறம். காம்பு மேலிருந்த கண்கள் இரண்டும் அவர்களைப் பார்த்துத் திரும்பின. கொடுக்குகளைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கமாக நகர்ந்து, கட்டில் காலடியில் ஒண்டியது. அதன் வாயில் நுரை கட்டியிருந்தது. அது வந்த வழி தெரிந்தது. வெள்ளை சிமெண்ட் பூசிய இடம் உதிர்ந்து, சுவரின் அடியில் ஒரு கை நுழையும் ஓட்டை விழுந்திருந்தது. அதிலிருந்து தண்ணீர் கசிந்து வாசல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"அட, ரசம் வெக்கற சைஸ்ல இருக்குது," என்றான் கீர்த்திவாசன். சளிக்கு நல்லது என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். யாரும் சிரிக்கவில்லை. "ஓடையில இருந்து மழைக்கு மேல ஏறியிருக்கும் ஸ்ரீ. பொடக்காளிப் பக்கமா நுழைஞ்சிருக்கும். நீ ஒண்ணும் நெனைக்காத."

பொடக்காளி என்றது வீட்டின் பின்கட்டை. அங்கிருந்து வரவில்லை, சுவரிலிருந்து வந்திருக்கிறது என்று ஸ்ரீமதி காட்டினாள். துண்டைப் போட்டு நண்டைப் பிடித்துத் திருப்பினாள். வயிற்றோடு ஒட்டியிருந்த மடிப்பு லேசாகத் திறந்திருந்தது. அதற்குள் மிளகு அளவில், கால் முளைத்த குஞ்சுகள் அப்பிக்கொண்டிருந்தன.

"குடும்பத்தோடயா," என்றார் ஜானகியம்மாள்.

பொறுமையாகச் சொல்ல வேண்டும் என்று ஸ்ரீமதி முதலில் மூச்சை இழுத்துவிட்டாள். பிறகு வகுப்பில் சொல்வதைப் போலத்தான் சொன்னாள். இது பூரானும் மரவட்டையும் போலக் கால்களில் கணு உள்ள கூட்டந்தான். ஆனால் மூச்சுவிடுவது செவுளால். ஓட்டுக்கடியில் செவுள் எப்போதும் நனைந்திருக்க வேண்டும், அதனால் இது தண்ணீரை விட்டு அதிக தூரம் போகாது. குஞ்சைச் சுமக்கிற தாய் வழி தவறி வந்ததாக இருக்காது. இங்கேதான், இந்தச் சுவருக்குப் பின்னால்தான் குடியிருந்திருக்கிறது. அப்படியென்றால் அங்கே ஈரம் மட்டும் இல்லை, ஓடையே ஓடுகிறது.

கீர்த்திவாசன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான். "அப்பா காலத்துல எவ்வளவு பெரிய மழைக்கெல்லாம் நின்ன ஊடு இது."

"அப்பக் கான் இருந்துச்சுங்க."

அவன் முகம் மாறியது. அவள் அதற்குமேல் சொல்லாமல் நிறுத்தியிருப்பாள். ஆனால் கசிவைத் தொட்ட விரலைப் பார்த்தாள். கசிந்த தண்ணீர் காபி நிறத்தில் இருந்தது. விரலிடுக்கில் மண் நறநறத்தது.

"தண்ணிக்குப் பயந்ததெல்லாம் முன்னாடியே வெளிய வந்துருச்சுங்க. இது தண்ணியிலயே வாழறது. இதுவே ஏன் வருது? தண்ணி கலங்கி, செவுள்ல மண்ணு அடைக்குது. உள்ள மண்ணு கரைஞ்சு நகர்ந்துட்டு இருக்குதுங்க."

வெளியே மழை சற்று ஓய்ந்திருந்தது. அந்த அமைதியில் சுவருக்குள்ளிருந்து, யாரோ கூழாங்கற்களை மெல்ல உருட்டிவிடுவது போல ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றது. மறுபடி கேட்டது. கீர்த்திவாசன் சுவரில் கை வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை. தான் கட்டிய சுவர் தன்னிடம் சொல்வதைக் கேட்டு நிற்பவனைப் போல இருந்தான்.

"நாளைக்கு வேலுசாமியக் கூப்பிட்டு, வெளிப்பக்கமா இன்னொரு சுவரு..." என்று தொடங்கினான்.

"ஏனுங்க," என்றாள் ஸ்ரீமதி.

அவன் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் மொட்டை மாடி இருந்தது, இழுத்துவிட்ட சட்டைக் கைமடிப்பு இருந்தது. கேட்டுவிடாதே என்று அவன் வாய் திறந்து சொல்லவில்லை. அவள் உதடு வரை வந்தது அங்கேயே நின்றது. இன்னொரு முறை, "ஏனுங்க," என்றாள். துண்டுக்குள் நண்டு கால்களை உதைத்துக்கொண்டது.

"அவகிட்ட நீ வாக்கு வாங்கினது எனக்குத் தெரியும் சாமி," என்றார் ஜானகியம்மாள்.

இருவரும் திரும்பினார்கள்.

"கல்யாணமான புதுசுல அவளே சொன்னா. சிரிச்சுட்டுத்தான் சொன்னா. எனக்குத்தான் சிரிப்பு வரல. இந்த ஊட்ட விட்டு நா வர மாட்டேன்னு நா எப்படா உன்கிட்டச் சொன்னேன்?"

"அப்பா கட்டின ஊடும்மா..."

"உங்கப்பா போன பொறகு இந்த ஊட்டுல ஒவ்வொரு மழைக்கும் நா எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியாது. நீ சின்ன வயசுல இருந்து அப்பா ஊடு, அப்பா ஊடுன்னு திரிஞ்சவன். அதுக்கு மேல எனக்குன்னு இந்த ரூமையும் கட்டிட்டே. கிரகப்பிரவேசம் மாதிரி விளக்கு ஏத்தி உள்ள கூட்டிட்டு வந்தே. அந்த மொகத்தப் பாத்துட்டு நா என்னன்னு கேக்கறது?"

அவர் மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்தார். முழங்கால் வலியில் முகம் சுருங்கியது. கீர்த்திவாசன் ஓடிவந்து பிடித்தான். சுவருக்குள் கற்கள் இன்னொரு முறை உருண்டன, இந்தத் தடவை மேலிருந்து. நிலைச்சட்டத்துக்கு மேலே பூச்சு ஒரு விரல் நீளத்துக்கு வெடித்து, தூள் அவன் தலைமுடியில் உதிர்ந்தது. ஜானகியம்மாள் அதைத் தட்டிவிட்டார். மகனின் கையை விடாமல், ஸ்ரீமதியின் கையிலிருந்த துண்டை ஒரு முறை பார்த்தார்.

"புத்தியில்லாத நண்டு, அதுவே புள்ளைகளத் தூக்கிட்டு வெளிய வந்துருச்சு," என்றார். "உன்ற கடையில ஒரு மூலையில பாய் போட்டாக்கூடப் போதும் கண்ணு. என்னைய இந்த ஊட்டுல இருந்து கூட்டிட்டுப் போயிரு."